வீட்டில் பேசிய கிரைண்டர் மறுநாள் விளம்பரமாக வந்தது எப்படி?

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் வண்ணாமடைப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டு கிரைண்டர் மோட்டார் போய்விட்டது. ராத்திரி சாப்பிடும்போது, ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூர் போய் டில்டிங் கிரைண்டர் ஒன்று எடுத்துவிடலாம் என்று அவரும் மனைவியும் பேசிக்கொண்டார்கள். கூகுளில் தேடவில்லை, யாருக்கும் மெசேஜ் போடவில்லை. காலையில் பேஸ்புக்கைத் திறந்தால் கோவை கிரைண்டர் விளம்பரம், அதுவும் தமிழில். அதுவரை அவருக்கு வந்ததெல்லாம் மலையாளத்தில் நகைக்கடை விளம்பரம்தான். போன் ஒட்டுக் கேட்கிறதா, பேசாமல் பட்டன் போனுக்கே மாறிவிடலாமா என்பது கேள்வி.

கேட்டது மைக்கைப் பற்றித்தான். ஆனால் மனுஷனை உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன். மைக் கேட்கவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், வீட்டுக்குள் பேசினது வெளியே எப்படித் தெரிந்தது? முதலில் மைக்கை முடித்துவிட்டு அதற்கு வருகிறேன். நான் கொழிஞ்சாம்பாறையில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். நோக்கியா 1100 ஓடிய காலத்திலிருந்து இதே தொழில். சட்டம் படித்தவன் இல்லை, கம்பெனிகளின் சர்வருக்குள் போய்ப் பார்த்தவனும் இல்லை. போனின் உள்ளே என்ன ஓடுகிறது, அதை எங்கே பார்க்கலாம் என்பது வரைக்கும் என் கணக்கு.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். 2018இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 17,000க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஆப்களை இதே சந்தேகத்தோடு ஆராய்ந்தார்கள். பயனருக்குத் தெரியாமல் மைக்கை ஓடவிட்டுப் பேச்சை அனுப்பிய ஆப் ஒன்றுகூட அவர்கள் கையில் சிக்கவில்லை. தேடாத ஒன்று சிக்கியது: சில ஆப்கள் நாம் திரையில் செய்வதைப் படமாகவும் வீடியோவாகவும் பிடித்து மூன்றாவது கம்பெனிக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க செனட்டில் பேஸ்புக் முதலாளி மார்க் ஜக்கர்பெர்க்கிடம் இந்தக் கேள்வியை நேராகவே கேட்டார்கள். இல்லை என்றார். கம்பெனி முதலாளி சொன்னதை நான் சாட்சியாக எடுத்துக்கொள்ள மாட்டேன், ஆராய்ச்சியை எடுத்துக்கொள்வேன்.

கணக்கும் ஒன்று இருக்கிறது. விழித்திருக்கும் 16 மணி நேரமும் உங்கள் பேச்சை மிகக் குறைந்த தரத்தில், நொடிக்கு 2 கேபி வீதம் அனுப்பினாலும் ஒரு நாளைக்கு 115 எம்பி ஆகும். எந்த ஆப் எவ்வளவு டேட்டா தின்றது என்று போனிலேயே பட்டியல் இருக்கிறது. அதில் இது தெரியாமல் போகாது. சார்ஜும் வழக்கத்தைவிட வேகமாக இறங்கும். ஆனால் இந்தக் கணக்கை முடிந்த முடிவாகக் காட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 'ஹே கூகுள்' என்று கூப்பிட்டால் போன் முழிக்கிறதே, அந்த இரண்டு சொல்லுக்காக ஒரு சின்ன சில்லு எப்போதும் காத்துக்கொண்டுதான் இருக்கிறது, டேட்டா செலவே இல்லாமல். பேச்சை முழுசாக அனுப்பாமல் சில சொற்களை மட்டும் போனுக்குள்ளேயே பிடிப்பது தொழில்நுட்பத்தில் நடக்காத காரியம் இல்லை. விளம்பரத்துக்காக அப்படி நடக்கிறது என்பதற்கு ஆதாரம் வந்ததில்லை, அவ்வளவுதான்.

மைக்கைக் குறுக்கு வழியில் பயன்படுத்தியவர்கள் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. ஸ்பெயினின் லா லீகா கால்பந்து ஆப், ரசிகர்களின் போன் மைக்கையும் லொக்கேஷனையும் வைத்து, எந்த பாரில் திருட்டு ஒளிபரப்பு ஓடுகிறது என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. 2019இல் அந்த நாட்டுத் தனியுரிமை ஆணையம் 2,50,000 யூரோ அபராதம் போட்டது. அதற்கு முன்பே, நம்ம நாட்டு சில்வர்புஷ் என்ற கம்பெனியின் மென்பொருளை ஆப்பில் சேர்த்திருந்த 12 பேருக்கு 2016இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. டிவி விளம்பரத்துக்குள் நம் காதுக்குக் கேட்காத ஒலியை ஒளித்துவைத்து, அதைப் போனில் பிடிக்கும் வேலை அது. இரண்டிலும் தேடப்பட்டது டிவி சத்தம். புருஷன் பெண்டாட்டி பேச்சு இல்லை. ஆனாலும் வழி ஒன்றுதான்: நாம் யோசிக்காமல் தட்டிய மைக் அனுமதி.

ஆப்பிள் போனில் கூப்பிட்டால் பதில் சொல்லும் சிரியின் விஷயமும் எல்லோரும் சொல்வது. தவறுதலாக முழித்துக்கொண்ட சிரி பதிவு செய்த துண்டுகளை ஒப்பந்த ஊழியர்கள் கேட்டார்கள் என்று 2019இல் செய்தி வந்தது. அதன் மேல் போட்ட வழக்கில் 9.5 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொள்ள ஆப்பிள் ஒத்துக்கொண்டது. தப்பு செய்ததாக மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. இதற்கெல்லாம் மேல், காக்ஸ் மீடியா குரூப் என்ற அமெரிக்க நிறுவனம் போன் மைக் பேச்சை வைத்து விளம்பரம் போட்டுத் தருகிறோம் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லி வந்ததாக 2023 கடைசியில் வெளியே வந்தது. கூகுள் அதைத் தன் கூட்டாளிப் பட்டியலிலிருந்து தூக்கியது. அது நிஜமாகவே நடந்ததா, விற்பனைக்காக அளந்துவிட்டதா என்பது வெளியிலிருக்கும் யாருக்கும் தெளிவாகவில்லை. எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது. விளம்பரம் விற்கிறவன் விளம்பர மொழியில்தான் பேசுவான். பெகாசஸ் போன்ற உளவு மென்பொருள் மைக்கைத் திறக்கும் என்பதில் சந்தேகமில்லை, ஆனால் அதை உங்கள் கிரைண்டருக்காக யாரும் வாங்க மாட்டார்கள்.

சரி, கேட்கவில்லை என்றால் எப்படித் தெரிந்தது?

நீங்கள் தேடவில்லை. வீட்டில் மற்றவர்கள்? மோட்டார் போன அன்றைக்கு உங்கள் மனைவி அக்காவுக்கு போன் போட்டிருப்பார். அந்த அக்கா மகள் யூடியூபில் எந்த கிரைண்டர் நல்லது என்று நான்கு வீடியோ பார்த்திருப்பாள். அவள் உங்கள் வீட்டு வைஃபையில் வந்து உட்காருகிறவளாக இருந்தால் அவள் போனும் உங்கள் போனும் வெளியுலகுக்கு ஒரே ஐபி முகவரி, அதாவது இணையத்தில் ஒரே விலாசம். அவள் நம்பர் உங்கள் போனில், உங்கள் நம்பர் அவள் போனில். நீங்கள் கான்டாக்ட் அனுமதி கொடுக்காமல் விட்டிருந்தாலும் அவள் கொடுத்திருந்தால் உங்கள் உறவு அங்கே போய்ச் சேர்ந்தாகிவிட்டது. டீக்கடைக்காரர் யார் வீட்டுச் சுவரிலும் காது வைப்பதில்லை. யார் யாரோடு வந்தார்கள், எந்தப் பஸ் ஏறினார்கள் என்று பார்த்தே கல்யாணச் செய்தியைச் சொல்லிவிடுவார். விளம்பரக் கம்பெனிகள் செய்வதும் அதுதான், கோடிக்கணக்கான பேருக்கு, தூங்காமல்.

அடுத்து, பில் கவுன்ட்டர். பாலக்காட்டுச் சித்தூரில் துணி எடுத்தாலும், பொள்ளாச்சியில் மிக்ஸி ஜார் மாற்றினாலும், பில் போடுகிறவர் கேட்கும் முதல் கேள்வி "நம்பர் சொல்லுங்க"தான். நாமும் அனிச்சையாகப் பத்து இலக்கத்தையும் ஒப்பித்துவிடுகிறோம். கடைக்காரர் தன் வாடிக்கையாளர் நம்பர் பட்டியலை அப்படியே பேஸ்புக்கிலோ கூகுளிலோ ஏற்றி, இவர்களுக்கும் இவர்களைப் போன்றவர்களுக்கும் என் விளம்பரத்தைக் காட்டு என்று சொல்ல முடியும். நம்பரைச் சங்கேதமாக மாற்றித்தான் ஒப்பிடுகிறார்கள். ஆனாலும் ஆள் பொருந்திவிடும். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் குக்கர் வாங்கிய கடையின் பட்டியலில் நீங்கள் இருந்தால் போதும். நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கடைகள் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியிருக்கிறது. "நம்பர் வேண்டாம், பில்லை மட்டும் குடுங்க" என்று நான் சொல்லிப் பார்க்கிறேன். முறைப்பார்கள். ஆனால் பில் வந்துவிடும்.

இன்னொன்று, நம் கண். நகைக்கடை, வீட்டுமனை, முழங்கால் வலித் தைலம் என்று ஒரு நாளைக்கு எத்தனையோ விளம்பரத்தைத் தள்ளிவிடுகிறோம். எதுவும் நினைவில் நிற்பதில்லை. கிரைண்டர் விளம்பரம் போன வாரமும் வந்திருக்கலாம், மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் கண்ணில் படவில்லை. வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊர் கோவை. அங்கிருந்து 40 கிலோமீட்டர் சுற்றளவில் குடும்பஸ்தன் ஒருவனுக்கு கிரைண்டர் விளம்பரம் காட்ட ரொம்ப மூளை வேண்டாம்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். உங்களுக்குத் துளியும் சம்பந்தமில்லாத பொருள் ஒன்றை எடுங்கள், உதாரணத்துக்குப் படகு மோட்டார். மலம்புழா அணையில் ஓட்டப் படகு மோட்டார் வாங்கலாமா, யமஹாவா வேறா, எத்தனை குதிரைத்திறன் என்று போனை மேசையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் பேசுங்கள். எங்கும் தட்டாதீர்கள், யாரிடமும் மெசேஜில் சொல்லாதீர்கள். என் கடைப் பையன்களோடு இதைச் செய்தபோது படகும் வரவில்லை, துடுப்பும் வரவில்லை. பக்கத்துக் கடைக்காரர்தான் மீன்பிடிக்கப் போகிறீர்களா என்று கேட்டார். ஒரு கடையின் சோதனை உலகத்துக்கு அத்தாட்சி ஆகாது, ஆனால் மனசில் இருக்கும் பயம் கொஞ்சம் இறங்கும்.

தமிழ், மலையாளம் மாறுவது பற்றி. நம்ம பகுதிக்காரர்களுக்கு இது தினப்படி வேடிக்கை. வேலந்தாவளத்திலோ கோபாலபுரத்திலோ செக்போஸ்ட் தாண்டி இரண்டு கிலோமீட்டர் போனால் டவர் மாறும், விளம்பரமும் மாறும். ஜிபிஎஸ்ஸை அணைத்து வைத்தாலும் எந்த டவர், அக்கம்பக்கத்தில் எந்த வைஃபை என்பதை வைத்து இடத்தைக் கணிக்க முடியும். ஐபி முகவரி ஊரைத் தோராயமாகக் காட்டும். இதோடு நீங்கள் எந்த மொழியில் தட்டுகிறீர்கள், எந்த மொழி வீடியோவில் நின்று பார்க்கிறீர்கள் என்பதும் சேரும். கேரளத்தில் ரேஷன் கார்டு வைத்துக்கொண்டு தமிழ் சீரியல் பார்க்கிறவர்கள் நாம். நம்மை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாமல் அது இரண்டு பக்கமும் ஆடுகிறது. நான்கைந்து நாள் தொடர்ந்து தமிழ் வீடியோ பார்த்திருந்தால் நகைக்கடைக்குப் பதில் கிரைண்டர் கடை வந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இந்த எல்லைப்புற ஆட்டத்தில் நஷ்டப்படுகிறவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியைத் தடை செய்ததிலிருந்து அங்கிருந்து ஆட்கள் மீனாட்சிபுரம், கோபாலபுரம் பக்கம் வந்து கேரள லாட்டரி வாங்கிப் போவது நமக்குத் தெரியும். முடிவு பார்க்க ஒருமுறை போனில் தேடினால் போதும், கேரள லாட்டரியை ஆன்லைனில் வாங்குங்கள் என்று தமிழில் விளம்பரம் வரத் தொடங்கிவிடும். கேரள லாட்டரி காகிதச் சீட்டு மட்டும்தான். ஆன்லைன் விற்பனை கிடையாது. அப்படி வருவதெல்லாம் ஏமாற்று. பணம் போய்விட்டால் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு உடனே கூப்பிடுங்கள், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். நீங்கள் மைக்கைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கும்போது காசு போகும் வாசல் வேறு பக்கம் திறந்துகிடக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

கடைக்கு வரும் போன்களில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். கள்ளிறக்கும் தொழிலாளி ஒருவர், போன் சூடாகிறது என்று கொண்டுவந்தார். அனுமதிப் பட்டியலை அவர் கண்முன்னாலேயே திறந்தேன். டார்ச் ஆப் ஒன்றுக்கு கான்டாக்ட் அனுமதி. போட்டோவில் பூ வைக்கும் ஆப்புக்கு மைக், லொக்கேஷன் இரண்டும், அதுவும் எப்போதும். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வந்த ஏபிகே (பிளே ஸ்டோர் இல்லாமல் நேராக ஆப்பை ஏற்றும் ஃபைல்) ஒன்று எஸ்எம்எஸ் அனுமதியோடு உட்கார்ந்திருந்தது. முதல் இரண்டும் விளம்பரச் சமாசாரம். மூன்றாவதுதான் ஆபத்து. அந்த எஸ்எம்எஸ் அனுமதி வழியாகத்தான் வங்கி ஓடிபி வேறு ஆளுக்குப் போகிறது. அவர் கேட்டது என்ன தெரியுமா? "நம்ம பேசறதை எல்லாம் இது கேக்குதுங்களா?"

கடன் ஆப்களும் இதே ரகம். கான்டாக்ட்டையும் போட்டோவையும் வாங்கிக்கொண்டு, தவணை தவறினால் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அசிங்கமாக மெசேஜ் போடுவார்கள். டிஜிட்டல் கடன் ஆப்கள் இவற்றைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி கொண்டுவந்தது, கூகுளும் 2023இல் பிளே ஸ்டோரில் தடுத்தது. பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து லிங்க்கில் இறக்கும் ஆப்புக்கு அந்தத் தடையெல்லாம் பொருட்டே இல்லை.

என் தொழிலைப் பற்றியும் சொல்லாவிட்டால் சரியாகாது. காம்போ (டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்ந்த பாகம்) மாற்றக் கொடுக்கும்போது "லாக் சொல்லிட்டுப் போங்க" என்று கேட்காத கடை குறைவு. டிஸ்ப்ளே மாற்ற லாக் தேவையில்லை. டச் வேலை செய்கிறதா என்று அவசர அழைப்பு கீபேடிலேயே தட்டிப் பார்க்கலாம், கேமராவையும் பெரும்பாலான போன்களில் லாக்கோடு திறக்கலாம். உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும் என்றால் நீங்கள் எதிரில் இருக்கும்போது பார்க்கட்டும். சாம்சங்கின் புதிய போன்களில் மெயின்டனன்ஸ் மோட் இருக்கிறது, அதைப் போட்டுக் கொடுத்தால் உங்கள் படமோ மெசேஜோ எங்கள் கண்ணில் படாது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தினர் ரிப்பேர் கடைகளுக்கு லேப்டாப்களைக் கொடுத்துப் பார்த்து, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். சில கடைகளில் சொந்தப் படங்களைத் திறந்து பார்த்ததும் நகலெடுத்ததும் பதிவாகியிருந்தது. அங்கே நடப்பது இங்கே நடக்காது என்று சக தொழில்காரர்களுக்காக நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

செய்ய வேண்டியது அதிகமில்லை, ஒரு மத்தியானம் போதும். செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய் மைக் அனுமதி யாருக்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். வாட்ஸ்அப், போன், கேமரா, ரெக்கார்டர் தவிர மற்றதை எடுத்துவிடுங்கள், தேவைப்பட்டால் அதுவே மறுபடி கேட்கும். லொக்கேஷனை 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று வையுங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் மைக்கோ கேமராவோ ஓடினால் திரையின் மேல் மூலையில் பச்சைப் புள்ளி வரும், ஐபோனில் மைக்குக்கு ஆரஞ்சு. கடந்த 24 மணி நேரத்தில் யார் மைக்கைத் தொட்டார்கள் என்று பிரைவசி டாஷ்போர்டு காட்டும். சந்தேகம் வரும் அன்றைக்கு முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். விளம்பரக் கம்பெனிகள் உங்கள் போனை அடையாளம் வைத்துக்கொள்ளும் விளம்பர ஐடியை கூகுள் செட்டிங்ஸில் அழித்துவிடலாம். பேஸ்புக்கில் மெட்டாவுக்கு (பேஸ்புக்கின் தாய்க் கம்பெனி) வெளியே நீங்கள் செய்தது என்று ஒரு பட்டியல் இருக்கும், திறந்து பாருங்கள், எந்தெந்தக் கடையும் ஆப்பும் உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறது என்று பெயரோடு வரும். அதைத் துண்டிக்கவும் முடியும். விளம்பரம் நிற்காது. குறி மட்டும் மங்கலாகும்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017இல் சொன்னார்கள், 2023இல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அதை வைத்து உங்கள் கிரைண்டர் விளம்பரத்துக்கு என்ன செய்ய முடியும் என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும்.

பழக்கம் பற்றி என் சொந்தக் கருத்து, ஏற்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். குருவாயூர் போய்க்கொண்டிருக்கும்போதே குடும்பத்தோடு ஸ்டேட்டஸ் போடுகிறோம். வீடு பூட்டிக்கிடக்கிறது என்று கான்டாக்ட்டில் உள்ள தச்சர், வயரிங்காரர், பழைய வாடகைக்காரர் எல்லோருக்கும் சொன்ன மாதிரி. திரும்பி வந்து போட்டால் குருவாயூரப்பன் கோபித்துக்கொள்ள மாட்டார். பிள்ளைகள் ஸ்கூல் பேட்ஜ் தெரியும் படத்தை 200 பேர் இருக்கும் குரூப்பில் போடுவதை நான் நிறுத்திவிட்டேன். மாமியார் வீட்டில் இதற்காக வருத்தம் உண்டு.

பட்டன் போனுக்கு மாறலாமா என்பதற்கு வருகிறேன். அதிலும் டவர் உங்கள் இடத்தை அறியும், சிம் கம்பெனியிடம் கூப்பிட்ட கணக்கு இருக்கும். விளம்பரம் மட்டும்தான் ஓயும். பள்ளிக்கூட குரூப், யூபிஐ எல்லாம் ஸ்மார்ட்போனில் இருக்கும்போது முழுசாக மாறினவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு மாதத்தில் மகன் போனைக் கடன் வாங்கத் தொடங்கிவிடுகிறார்கள். நான் சிபாரிசு செய்வது பாதி வழி. நம்ம ஊரில் பலரிடம் ஏற்கெனவே கேரள சிம் ஒன்று, தமிழ்நாட்டு சிம் ஒன்று இருக்கிறது. சேமிப்பு முழுக்க இருக்கும் வங்கிக் கணக்குக்கு ஒரு நம்பரைக் கொடுத்து அந்த சிம்மை மட்டும் பட்டன் போனில் போட்டு வீட்டில் வையுங்கள். அந்த நம்பரை எந்தக் கடை கவுன்ட்டரிலும் சொல்லாதீர்கள். யூபிஐக்கு, பதிவு செய்த சிம் அதே ஸ்மார்ட்போனில் இருந்தாக வேண்டும் என்பதால், தினச்செலவுக்கு வேறொரு சின்னக் கணக்கை இன்னொரு நம்பரில் வைத்து அதில் மாதம் சில ஆயிரம் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். பட்டன் போன் வாங்கும்போது எஸ்எம்எஸ் மெமரி எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். மலிவு மாடல்களில் அது நிரம்பிவிட்டால் ஓடிபி உள்ளே வராது. வாரம் ஒருமுறை பழைய மெசேஜை அழிக்க வேண்டியிருக்கும்.